கொல்லிமலைக் களக்குறிப்புகளும் திறவாக் கோப்புகளும்: தமிழ்க் குறியேற்ற வரலாற்றின் துணைகொண்டு பழைய மின்கோப்புகளை வாசித்தல்

ஆய்வுச்சுருக்கம்

1980களின் நடுப்பகுதி தொடங்கி இருபதாண்டுக் காலம் தமிழில் உருவாக்கப்பெற்ற மின்கோப்புகள் பல இன்றைய கணினியில் திறப்பதில்லை; திறந்தாலும் வாசிக்கத்தக்க தமிழைக் காட்டுவதில்லை. இச்சிக்கல் தொழில்நுட்பம் சார்ந்ததாகவே பெரிதும் கருதப்படுகிறது. அறிமுகமில்லாக் கோப்பொன்றைத் திறப்பது அடிப்படையில் மூலபாட ஆய்வே என்பதையும், தமிழ்க் குறியேற்றங்களின் வரலாறே அதற்குரிய திறவுகோல் என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. கொல்லிமலையின் சிறுதானியப் பெயர்கள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. அகராதியில் இடம்பெறாத வட்டாரச் சொற்களே கோப்பு மாற்றத்தில் மிகுதியும் சிதைவுக்குள்ளாகும் என்பது இதன்வழிப் பெறப்படும் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, சிறுதானியப் பெயர்கள், குறியேற்றம், திஸ்கி, பாமினி, ஒருங்குறி, மூலபாட ஆய்வு.

1. முன்னுரை

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக அமைந்துள்ளது. வல்வில் ஓரியின் மலையாகச் சங்க இலக்கியத்தில் அறியப்படும் இம்மலையில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். 1883இல் வெளிவந்த சேலம் மாவட்டக் கையேடும், 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளும் இம்மக்களைக் குறித்த பதிவுகளைக் கொண்டுள்ளன. நூறாண்டுகளைக் கடந்த அந்நூல்களை இன்றும் எடுத்து வாசிக்கலாம். ஆனால், 1990களில் நெகிழ்வட்டில் சேமிக்கப்பெற்ற தமிழ்க் களக்குறிப்பு ஒன்று இன்று ஆய்வாளர் கைக்குக் கிடைத்தால், அதனை வாசித்துவிட முடியும் என்பதற்கு உறுதியில்லை.

கோப்பின் பெயர் தெரியும், அளவு தெரியும், உருவான நாளும் தெரியக்கூடும். எனினும் திறந்தவுடன் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றும். பலர் அந்நிலையிலேயே கோப்பு கெட்டுவிட்டதென முடிவுசெய்து அதனைக் கைவிடுகின்றனர். பெரும்பாலான நேர்வுகளில் கோப்பு கெட்டிருப்பதில்லை. அதனை எழுதிய முறைமை நமக்கு மறந்துபோயிருக்கிறது என்பதே உண்மை. மறந்துபோன முறைமையை மீட்டெடுப்பது வரலாற்றுப் பணியாகும்.

2. கொல்லிமலைத் தரவுகளில் தமிழ் எழுத்தின் சான்று மதிப்பு

கொல்லிமலை சிறுதானியப் பன்மைக்குப் பெயர்பெற்றது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990கள் தொட்டு இம்மலையின் சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றின் நாட்டுவகைகளைப் பேணும் பணியில் ஈடுபட்டு வந்துள்ளது. வெள்ளப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை எனச் சாமையிலும், செந்தினை, பெருந்தினை, மூக்கந்தினை எனத் தினையிலும் பல வகைகள் வழங்குகின்றன.

இப்பெயர்கள் ஆங்கில அறிக்கைகளில் பெரும்பாலும் துணைக்குறிகளின்றி ரோமன் எழுத்தில் அச்சாகியுள்ளன. அவ்வாறு அச்சாகும்போது எகர ஏகார வேறுபாடும், ஒகர ஓகார வேறுபாடும், லகர ளகர வேறுபாடும், ணகர னகர வேறுபாடும் மறைந்துவிடுகின்றன. ரோமன் வடிவத்தை மட்டும் கொண்டு ஒரு பெயரின் முதற்பகுதி வெட்டியா வேட்டியா என்று துணிய இயலாது. பெயரின் சொற்பிறப்பையும் அதனுள் பொதிந்த வேளாண் அறிவையும் ஆராய விரும்புவோர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. சொன்னவர் வாய்மொழியைக் கேட்டவர் தமிழில் எழுதிய குறிப்பே முதன்மைச் சான்றாகும். அக்குறிப்பு மின்கோப்பாக மட்டுமே எஞ்சியிருக்குமாயின், அக்கோப்பைத் திறப்பதும் பிழையின்றித் திறப்பதும் சான்றைக் காக்கும் செயலாகின்றன.

3. கோப்பின் மூன்று அடுக்குகள்

தமிழ்க் கோப்பொன்றைப் புரிந்துகொள்ள அதன் மூன்று அடுக்குகளையும் பிரித்தறிதல் வேண்டும்.

முதல் அடுக்கு கொள்கலன். கோப்பை உருவாக்கிய மென்பொருள் தகவலை அடுக்கிய முறை இது. பெயரின் இறுதியில் நிற்கும் நீட்டிப்பு இதனைச் சுட்டும் எனினும், அது வெளியே ஒட்டிய சீட்டு மட்டுமே. ‘டாக்’ என்னும் நீட்டிப்பை மைக்ரோசாப்ட் வேர்டுக்கு முன்னரே வேறு மென்பொருள்களும் பயன்படுத்தியுள்ளன. சீட்டை மாற்றி ஒட்டுவதால் உள்ளிருப்பது மாறாது. உண்மையான அடையாளம் கோப்பின் தொடக்க பைட்டுகளில் உள்ளது. பழைய வேர்டு கோப்பு 208, 207, 17, 224 என்னும் எண்களில் தொடங்கும். 2007க்குப் பின் வந்த வேர்டு கோப்பு உண்மையில் ஒரு சுருக்கப் பொதி. அது 80, 75 எனத் தொடங்கும். பிடிஎஃப் கோப்பின் தொடக்கம் 37, 80, 68, 70 ஆகும். யுனிக்ஸ் இயங்குதளத்தின் ‘ஃபைல்’ கட்டளையும், பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகம் பேணும் ‘பிரோனம்’ பதிவேடும், அதனைச் சார்ந்த ‘டிராய்டு’ மென்பொருளும் இத்தகைய அடையாளங்களைக் கொண்டே கோப்பின் வகையைத் துணிகின்றன.

இரண்டாம் அடுக்கு குறியேற்றம். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடு இது. மூன்றாம் அடுக்கு எழுத்துரு. எண்ணுக்குரிய வடிவத்தைத் திரையில் வரைவது இதன் பணி. ஒருங்குறிக்கு முற்பட்ட காலத்தில் தமிழைப் பொறுத்தவரை இவ்விரு அடுக்குகளும் ஒன்றாகவே கலந்திருந்தன. எழுத்துருவின் பெயரே குறியேற்றத்தின் பெயராகவும் இருந்தது. எழுத்துரு தொலைந்தபோது எழுத்தும் தொலைந்ததாகத் தோன்றியதற்கு இதுவே காரணம்.

மேற்சுட்டிய பொதுக் கருவிகள் முதல் அடுக்கை நன்கு அடையாளங்காணும். இரண்டாம் அடுக்குக்கு அவை போதா. அங்கே தமிழ்க் கணினி வரலாறு தேவைப்படுகிறது.

4. குறியேற்றங்களின் வரலாறு

கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் 1984இல் உருவாக்கிய ‘ஆதமி’, தமிழின் தொடக்ககாலச் சொற்செயலிகளுள் ஒன்று. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கிய முரசு, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி உருவாக்கிய கணியன், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கிய மயிலை எழுத்துரு ஆகியன அடுத்தடுத்து வழக்கில் வந்தன. தட்டச்சுப்பொறியின் விசையமைப்பையொட்டிய பாமினி எழுத்துரு இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழரிடையேயும் தமிழகத் தட்டச்சு நிலையங்களிலும் பரவியது. ஒவ்வொன்றும் எழுத்துகளைத் தனக்குரிய எண்களில் அமைத்துக்கொண்டது. ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் வாசிக்க இயலவில்லை.

இந்நிலையை மாற்ற 1997இல் சிங்கப்பூரில் கூடிய தமிழ்இணைய மாநாடு வழிவகுத்தது. அதனையொட்டி நடைபெற்ற மின்னஞ்சல்வழிக் கலந்துரையாடல்களில் திஸ்கி என்னும் எட்டுபிட்டுத் தகுதரம் உருப்பெற்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ் மட்டும் அமைந்த ‘டாம்’, தமிழும் ஆங்கிலமும் அமைந்த ‘டாப்’ ஆகிய குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் தமிழக அரசின் தகுதரங்களாயின. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் திஸ்கியில் வெளியிட்டுப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது.

இதற்கு இணையாக இன்னொரு மரபும் இயங்கியது. இந்திய மொழிகளுக்கான இஸ்கி குறியேற்றத்தைத் தழுவி, 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்த பின்னரே பொதுப் பயனர்க்கு அது எட்டியது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும், அதனுடன் ‘டேஸ்16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்றது.

இவ்வரலாறு காலக்கணிப்புக்கும் உதவும். திஸ்கியில் அமைந்த கோப்பு 1990களின் இறுதிக்கு முற்பட்டதாக இருத்தல் அரிது. லதா எழுத்துருவின் பெயர் உள்ள கோப்பு, இப்போதுள்ள வடிவில், 2000க்கு முற்பட்டதன்று. உள்ளடக்கமும் துணைநிற்கும். நாமக்கல் மாவட்டம் 1997 சனவரி முதல் நாளில் சேலத்திலிருந்து பிரிக்கப்பட்டது. ஆதலின், கொல்லிமலையைச் சேலம் மாவட்டத்ததாகக் குறிக்கும் களக்குறிப்பு அதற்கு முன் எழுதப்பட்டிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. கோப்பில் பதிவான நாளோ, படியெடுக்கப்பட்ட நாளாகவும் இருக்கக்கூடும். அதனைத் தனிச்சான்றாகக் கொள்ளுதல் தகாது.

5. கல்வெட்டியல் தரும் முன்மாதிரி

முறைமை தெரியாத எழுத்தை வாசிக்கும் கலை தமிழாய்வுக்குப் புதிதன்று. 1837இல் ஜேம்ஸ் பிரின்செப், சாஞ்சியின் சிறு கல்வெட்டுகள் பலவும் ஒரே எழுத்துகளில் முடிவதைக் கண்டார். கொடைப் பொருள்களில் கொடையைக் குறிக்கும் சொல் வருதல் இயல்பு எனக் கருதி, அவ்வெழுத்துகளைத் ‘தானம்’ என வாசித்தார். அதுவே பிராமி எழுத்தைத் திறந்தது. எதிர்பார்க்கத்தக்க சொல்லொன்றை முன்வைத்துச் சோதிப்பதே அவர் கையாண்ட முறை.

தமிழகக் குகைக் கல்வெட்டுகளை வாசிப்பதில் மற்றோர் இடர்ப்பாடு இருந்தது. எழுத்து அறியப்பட்டிருந்தும் மொழி தெளிவுறவில்லை. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர், ழகர ளகர றகர னகரங்களை அடையாளங்கண்டு அவை தமிழே என நிறுவினார். பின்னர் ஐராவதம் மகாதேவன், ஒரே குறி வெவ்வேறு எழுத்து முறைகளில் வெவ்வேறு மதிப்புப் பெறுவதை விளக்கினார். புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத ஒரு மெய்வடிவம் ஒரு முறையில் தூய மெய்யாகும். மற்றொரு முறையில் மெய்யாகவோ அகரமேறிய மெய்யாகவோ அமையலாம். எம்முறை என்று துணிந்த பின்னரே வாசிப்பு இயலும்.

மின்கோப்பிலும் இதுவே நிலை. 193 என்னும் எண்ணுக்குத் தன்னளவில் பொருளில்லை. திஸ்கியில் அது மகரம். மேலை ஐரோப்பியக் குறியேற்றத்தில் மேற்கீற்றுடைய ஆங்கிலப் பெரிய ‘ஏ’.

6. ‘கொல்லி’ என்னும் திறவுசொல்

கொல்லிமலைக் களக்குறிப்பில் ‘கொல்லி’ என்னும் சொல் வரும் என எதிர்பார்ப்பது இயல்பு. பிரின்செப்பின் ‘தானம்’ போன்று இதனைச் சோதனைச் சொல்லாகக் கொள்ளலாம். மூன்று குறியேற்றங்களில் இச்சொல் பின்வருமாறு அமையும்.

திஸ்கி: 166, 184, 161, 248, 196, 162.
பாமினி: 110, 102, 104, 121, 59, 121, 112.
ஒருங்குறி: 2965, 3018, 2994, 3021, 2994, 3007.

திஸ்கியும் பாமினியும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதுகின்றன. ஒற்றைக்கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் இறுதியிலும் வருகின்றன. ஒருங்குறியோ ஒலிப்பு வரிசையைப் பின்பற்றுகிறது. ககரம் முன்னும் ஒகரக்குறி பின்னும் நிற்கின்றன. திஸ்கியில் ‘ல்’ என்பதற்கு 248 என்னும் தனி எண் உண்டு. பாமினியிலோ லகரத்திற்குரிய 121உடன் புள்ளிக்குரிய 59 சேர்கிறது. ஆகவே பாமினிக் கோப்பில் 121, 59, 121 என ஓர் எண் 59ஐ இடையிட்டு மீண்டும் வருதல் இரட்டித்த மெய்யின் தெளிவான அடையாளமாகும்.

இவற்றிலிருந்து சில பொது அடையாளங்களும் கிடைக்கின்றன. எண்கள் யாவும் 128க்குக் கீழே அமைந்து, ஆங்கில எழுத்துகளுக்கிடையே அரைப்புள்ளி மிகுந்து காணப்படின் அது பாமினி அல்லது அதன் இனத்தைச் சார்ந்தது. 161 முதல் 254 வரையான எண்கள் மிகுந்திருப்பின் திஸ்கி, டாப் முதலியவற்றைச் சோதித்தல் வேண்டும். 224ஐத் தொடர்ந்து 174 அல்லது 175 என்னும் இணை இடைவிடாது வந்தால் அது யுடிஎஃப்8 வடிவிலுள்ள ஒருங்குறி. அக்கோப்பில் மறைபொருள் ஏதுமில்லை. திறக்கும் மென்பொருளுக்குக் குறியேற்றத்தைச் சுட்டினால் போதும்.

7. மாற்றத்தில் நேரும் இழப்பு

குறியேற்றம் தெரிந்தபின் மாற்றி மென்பொருள்கள் நொடியில் பணியை முடித்துவிடும். பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி முதலியன பல்லாண்டுகளாகப் பயன்பட்டு வருகின்றன. ஆயினும் கோப்பு வாசிக்கும் நிலைக்கு வந்துவிட்டது என்பதனாலேயே அது சரியாக வாசிக்கப்பட்டது எனக் கொள்ளலாகாது. மூவகை இழப்புகள் இங்குக் கருதத்தக்கன.

முதலாவது, ஔகாரக் குறிக்கும் ளகரத்துக்கும் உள்ள வடிவ ஒற்றுமையால் வருவது. தட்டச்சு மரபைப் பின்பற்றிப் பாமினியில் இரண்டுக்கும் 115 என்னும் ஒரே எண் வழங்குகிறது. ‘வெள்ள’ என்பது அங்கு 110, 116, 115, 59, 115 என அமையும். முதல் மூன்று எண்களைக் கண்ட மாற்றி அவற்றை ‘வௌ’ எனக் கொண்டால், வெள்ளப்பெருஞ்சாமை ‘வௌ்ளப்பெருஞ்சாமை’ ஆகிவிடும். இணையத்தில் ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ எனப் பரவலாகக் காணப்படுவதும் இதனாலேயே. 115ஐ அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வருமாயின் அது ளகரமே என விதி வகுக்கலாம். ஆனால் ‘வௌவால்’ போன்ற சொல்லில் அவ்வாறு எதுவும் தொடர்வதில்லை. எண்வரிசை மட்டும் விடைதராது. வௌவால் அகராதியில் உள்ளதால் ஐயம் நீங்குகிறது. அகராதி ஏறாத மலைவழக்குச் சொல்லுக்கு அத்துணையும் இல்லை.

இரண்டாவது, தமிழும் ஆங்கிலமும் கலந்த கோப்புகளில் நேர்வது. களக்குறிப்பில் சாமைக்கு ‘பானிக்கம் சுமத்ரென்ஸ்’ என்னும் தாவரவியற்பெயர் ரோமன் எழுத்தில் எழுதப்பட்டிருக்கலாம். பாமினியில் தமிழும் ரோமன் எழுத்தும் ஒரே எண்களைப் பயன்படுத்துவதால், எப்பகுதி எம்மொழி என்பதை எழுத்துருக் குறிப்பு ஒன்றே உணர்த்தும். வேர்டு கோப்பை வெற்றுரையாகச் சேமித்த அக்கணமே அக்குறிப்பு அழிந்துவிடுகிறது. பின்னர் மாற்றும்போது தாவரவியற்பெயரும் பொருளற்ற தமிழெழுத்துகளாகும். எழுத்துருப் பெயர்களைத் தாங்கிநிற்கும் ஆர்டிஎஃப் வடிவிற்கு முதலில் மாற்றுவது இவ்விழப்பைத் தவிர்க்கும். திஸ்கியில் முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கே விடப்பட்டமையால் இச்சிக்கல் எழுவதில்லை.

மூன்றாவது, எழுத்தே மறைவது. திஸ்கியில் இகரத்துக்குரிய 173ஆம் இடம், பிற குறியேற்றங்களில் சொல்லுடைப்புக்கான மறைகோட்டுக்குரியது. அதனால் சில மென்பொருள்கள் இகரத்தைக் காட்டாமல் விழுங்கின. 1.7 பதிப்பில் இகரத்துக்கு 254ஆம் இடமும் தரப்பட்டது. இகரத்தில் தொடங்கும் சொற்கள் தலையிழந்து நிற்கும் கோப்பில் இக்காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

இம்மூன்று இழப்புகளுக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. பொதுத்தமிழ்ச் சொற்களில் நேர்ந்த பிழையை வாசகர் தாமே திருத்திக்கொள்வர். சொற்பிழை திருத்தியும் சுட்டிக்காட்டும். வட்டாரச் சொல்லில் நேர்ந்த பிழையோ ஒரு புதிய வடிவமாகத் தோன்றி ஆய்வேட்டுக்குள் நுழைந்துவிடும். பிழைதிருத்தி அதனைத் தான் அறிந்த வேறொரு சொல்லாக மாற்றிவிடவும் கூடும். வேறு சான்று இல்லாத சொல்லே, காப்புமற்ற சொல்லாக நிற்கிறது.

8. பரிந்துரைகள்

சுவடிப் பதிப்பில் மூலச்சுவடியைப் பேணி, பாடவேறுபாடுகளைக் காட்டி, பதிப்பாசிரியர் தம் திருத்தங்களைத் தனியே குறிப்பது மரபு. மின்கோப்புக்கும் அம்மரபே பொருந்தும்.

மூலக்கோப்பில் எம்மாற்றமும் செய்யாது அதன் படியிலேயே பணியாற்றுதல் வேண்டும். அறிமுகமில்லாக் கோப்பைப் புதிய மென்பொருளில் திறந்து அதே பெயரில் சேமிப்பது மூலத்தை அழிப்பதற்கு ஒப்பாகும். கொள்கலன், குறியேற்றம், எழுத்துரு ஆகியவற்றையும், அவற்றைத் துணிந்த காரணங்களையும் எழுதிவைத்தல் வேண்டும். மாற்றி மென்பொருளின் பெயரும் பதிப்பும் குறிக்கப்பெற வேண்டும். மாற்றிய உரையில் ஔகாரம் வரும் இடங்களையும் ரோமன் எழுத்துப் பகுதிகளையும் மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். வட்டாரச் சொற்களைப் பிழைதிருத்திக்கு உட்படுத்தலாகாது. இயலுமிடத்து அச்சொற்களைக் கொல்லிமலை மக்களிடமே மீண்டும் கேட்டு உறுதிசெய்தல் சாலச் சிறந்தது. ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் மாற்றப்பட்ட உரையுடன் மூலக்கோப்பையும் சேர்த்து ஒப்படைக்கும் நடைமுறையைப் பல்கலைக்கழகங்கள் கைக்கொள்ளலாம்.

9. முடிவுரை

அறிமுகமில்லாக் கோப்பொன்றைத் திறப்பது, உரிய மென்பொருளைத் தேடிப்பெறுவதோடு முடிவதன்று. தொடக்க பைட்டுகள் கொள்கலனை உணர்த்துகின்றன. எண்களின் பரவலும் எதிர்பார்க்கத்தக்க சொல்லும் குறியேற்றத்தை உணர்த்துகின்றன. குறியேற்றங்களின் வரலாறு காலத்தையும் பிறப்பிடத்தையும் உணர்த்துகிறது. இவ்வனைத்தும் கல்வெட்டாய்வாளரும் சுவடிப் பதிப்பாசிரியரும் முன்பே கையாண்ட வழிகளே.

1980களிலும் 1990களிலும் தமிழைக் கணினியில் ஏற்றியோர் பலர் இன்றும் நம்மிடையே உள்ளனர். அக்காலத்தில் களப்பணி செய்தோர் பலருடைய வீடுகளில் நெகிழ்வட்டுகள் இன்னும் இருக்கக்கூடும். குறியேற்றங்களின் அட்டவணைகளும் கிடைக்கின்றன. இம்மூன்றும் ஒருசேரக் கிடைக்கும் காலம் நீளாது. வெள்ளப்பெருஞ்சாமையை விதைத்தவர் சொன்ன பெயர் எதுவென அறியும் வாய்ப்பு, அக்காலத்துக்குள் அக்கோப்புகள் முறையாகத் திறக்கப்படுவதைப் பொறுத்தே அமையும்.